வந்துடுச்சு என்று சொல்லும் முன்

கனமான லென்ஸை முதுகு ஓரமாக வைக்க வேண்டும். பலர் இது தெரியாமல் பையின் வெளிப்பக்கமாக வைத்துவிட்டு, சாயங்காலம் தோள் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள். நேற்று உங்கள் ஆள் ஒருவர் என் பையைப் பிரித்து எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினார். திரும்ப அடுக்கும்போது நூற்று முப்பத்தைந்து என்கிற கனமான லென்ஸை வெளி அறையில் செருகினார். சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. விசாரணைக்கு வந்தவன் பாடம் எடுத்தால் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

எழுதித் தருகிறேன் என்று நானாகத்தான் கேட்டேன், ஐயா. பேசச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வார்த்தையை மாற்றிவிடுவேன். அது என் சுபாவம். காகிதத்துக்கு முகம் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன் நான் கொடுத்த வாக்குமூலத்தில் பாதி சரி. மீதியை இதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவன் என் தம்பி. கட்டடங்களைப் படமெடுப்பவன். ஆலை, பாலம், ஆஸ்பத்திரி, அடுக்குமாடி என்று யார் எதைக் கட்டி முடித்தாலும், அது கண்ணுக்கு அழகாகத் தெரியவேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நான் அவனைவிட ஏழு வயது மூத்தவன். அவனுடைய லென்ஸ்களை அடுக்குவதும், சுமப்பதும், கேட்டதும் எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. பத்தொன்பது வருடம் செய்தேன். வேலைக்குப் போகிற இடங்களில் அவனை சார் என்பார்கள், என்னைப் பைக்காரர் என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. பை வராவிட்டால் சார் என்ன ஆவார் என்பது எனக்கல்லவா தெரியும்.

லென்ஸ்கள் ஆறு. எங்கள் வீட்டில் அவற்றுக்கு எண்தான் பெயர். பதினேழு, இருபத்துநான்கு, முப்பத்தைந்து, ஐம்பது, எண்பத்தைந்து, நூற்று முப்பத்தைந்து. எண் சின்னதென்றால் காட்சி அகலம். பெரியதென்றால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். தினமும் வேலை முடிந்து வந்ததும் ரப்பர் பல்பால் தூசியை ஊதி, துணியால் வட்டமாகத் துடைத்து, முன்மூடி பின்மூடி இரண்டையும் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றி, அதனதன் அறையில் நிற்க வைப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி மனைவி சமையலறையிலிருந்தே கேலி செய்வாள். "என்ன மாமா, பிள்ளைங்க எல்லாம் படுத்தாச்சா?" என்பாள். நானும் "ஐம்பதுதான் அடம் பிடிக்குது" என்பேன். நல்ல பெண். அவளைப் பற்றி இதில் தப்பாக ஒன்றும் வராது.

ஒரு பழக்கத்தை மட்டும் விளக்கிவிடுகிறேன். நாங்கள் வேலை தொடங்கிய முதல் வருடம், ஒரு செருப்பு ஆலையின் மாடிப்படியில் நின்று படமெடுத்தோம். நான் ஐம்பதை நீட்டினேன். அவன் வாங்கிவிட்டான் என்று நினைத்து விரலை விட்டேன். அவன் வாங்கவில்லை. லென்ஸ் படியில் விழுவதற்குள் அவன் அதன் மேல் பாய்ந்தான். பதினாலு படி உருண்டு, கழுத்துப்பட்டை எலும்பை முறித்துக்கொண்டு, லென்ஸை நெஞ்சோடு அணைத்தபடி கீழே கிடந்தான். ஒரு கீறல் இல்லை. லென்ஸில் என்று சொல்கிறேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி. வாங்குகிறவன் "வந்துடுச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கொடுக்கிறவன் விரலை விரிக்கலாம். அவன் பார்வை எப்போதும் வெளிச்சத்தின் மேல் இருக்கும். கையை மட்டும் பின்னால் நீட்டுவான். எண்ணைச் சொல்வான். நான் வைப்பேன். "வந்துடுச்சு" என்பான். விடுவேன். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவை. இந்த வார்த்தை வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. தட்டு, தண்ணீர், சாவி எதைக் கொடுத்தாலும் வீட்டில் எல்லோரும் வந்துடுச்சு என்போம். அவனுக்கு மகள் பிறந்தபோது நர்ஸ் குழந்தையை அவன் கையில் வைத்தாள். அவன் பழக்க தோஷத்தில் "வந்துடுச்சு" என்றான். நர்ஸ் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. நேற்று உங்கள் காவலர் எனக்குப் பேனாவை நீட்டியபோது நானும் அதைத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

படியில் உருண்ட அன்று எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. லென்ஸ் விழுந்தால் இவன் யோசிக்க மாட்டான். உடம்பு முதலில் போகும். கூடவே இருப்பவர்களைப் பற்றி இப்படி எத்தனையோ தெரிந்து வைத்திருக்கிறோம். ஏதோ ஒரு நாள் உதவும் என்று யாரும் சேர்த்து வைப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் அவன் ஒரு புது லென்ஸ் வாங்கி வந்தான். ஒரே லென்ஸ். திருகினால் இருபத்துநான்கும் அதுதான், எண்பத்தைந்தும் அதுதான், நூற்று முப்பத்தைந்தும் அதுதான். கேமராவோடு மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டான். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"அண்ணா, இனிமே பையே வேண்டாம்" என்றான்.

"பை வேண்டாம்னா?"

"எல்லாம் இதுலயே வந்துடுது. நீயும் எத்தனை வருஷம்தான் சுமப்ப? மாடி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்குறது எனக்குத் தெரியாதா? ஒரு கிடங்குல சொல்லி வச்சிருக்கேன். வாசல்ல உக்காந்து வர்ற வண்டி நம்பரை எழுதுற வேலை. நிழல்லயே இருக்கலாம்."

"அந்த ஆறும்?"

"ஒருத்தர் கேட்டிருக்கார். அடுத்த மாசக் கடைசியில வந்து பாக்குறேன்னார். நீதான் எடுத்துக் காட்டணும். உன்னை மாதிரி அதைப் பத்திச் சொல்ல யாரால முடியும்?"

அவன் இதை அன்பாகத்தான் சொன்னான், ஐயா. அதை நான் மறைக்கவில்லை. சண்டையாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அன்பாகச் சொன்னதை என்ன செய்வது? தலையாட்டினேன். சரி என்றேன். எனக்கு உள்ளே எரிந்தது. பத்தொன்பது வருடத்தைக் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, அதற்கு நிழல் வேறு ஏற்பாடு செய்திருந்தான். என் உயிர் போனாலும் அவன் கண் வெளிச்சத்தின் மேல்தான் இருக்கும். ஒரு லென்ஸ் விழுந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பான் என்று தோன்றிவிட்டது. தோன்றியது அப்படியே உட்கார்ந்துகொண்டது. எழுந்து போகவில்லை.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "கெட்டுப்போன லென்ஸை எதுக்குங்க தூக்கிட்டுப் போனீங்க?" நல்ல கேள்வி. மூன்று வாரமாக யாரும் இதைக் கேட்கவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகளில் பூஞ்சணம் இருந்ததை உங்கள் நிபுணர் கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். பதில் இதுதான்.

எங்களிடம் இரண்டு எண்பத்தைந்து இருந்தன. பழையதில் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தது. ஒட்டடை போல உள்ளே இழை இழையாக ஓடியிருந்தது. ஒன்றில் பிடித்தால் மற்றவற்றுக்கும் பரவும் என்பதால் அதைத் தனியாகத் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அவன் இறந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல எண்பத்தைந்தை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பழையதை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மற்ற ஐந்தோடு அதை உள்ளே வைக்க மனம் வரவில்லை, பரவிவிடும். அதனால் பையின் வெளி ஜேபியில் வைத்தேன். நல்ல லென்ஸை உடைப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை.

புது லென்ஸும் அன்று எங்களோடு வந்தது. ஆனால் எங்களைக் கூப்பிட்டிருந்த கட்டடக்காரர்கள் பழைய படங்களைப் பார்த்து, அதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். "கடைசியா ஒரு தடவை பையைத் தூக்கிடு அண்ணா" என்றான். தூக்கினேன்.

பாதி கட்டிய கட்டடம். நாலாவது மாடியின் மூலையிலிருந்து, எதிரே முடிந்து நின்ற பகுதியைப் படமெடுக்க வேண்டும். தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் வரவில்லை. முன்னாலும் வலப்பக்கமும் வெட்டவெளி. அவன் மூலைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், கேமரா தாழ்வான முக்காலியில் இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில் அவன் இடுப்பில் ஒரு பெல்ட் கட்டி, கயிற்றைத் தூணில் முடிவது என் வழக்கம். அன்றும் கட்டினேன். முக்காலியைத் தள்ளி வைக்கும்போது கயிறு இடிக்கிறது என்று அவனே அவிழ்த்துவிட்டான். வேறு நாளாக இருந்தால், திரும்பக் கட்டும்வரை நான் நச்சரிப்பேன். "சரியான தொல்லைப்பா நீ" என்று திட்டிக்கொண்டே கட்டிக்கொள்வான். அன்று நான் நச்சரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். வாய் திறக்காமல் இருப்பது எந்தப் பிரிவில் வரும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நான் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம், உட்பக்கமாக நிற்பவன். அன்று வலப்பக்கம் போனேன். அங்கே தளம் ஒரு முழம்தான் மீதி. சாரத்தின் இரும்புக் குழாய் ஒன்று நின்றது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். வெயில் சாயும் நேரம். எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வந்தன. அவனுக்கு உயிரே அதில்தான். ஐம்பதில் பத்துப் படம் எடுத்தான். கழற்றிக் கொடுத்தான். நான் "வந்துடுச்சு" என்றேன். விட்டான். பிறகு எதிரே பார்த்தபடியே கையை நீட்டி, "எண்பத்தஞ்சு" என்றான்.

அவன் உள்ளங்கையில் லென்ஸைத் தொட்டு வைத்தேன். விரல்கள் மூடத் தொடங்கின. உதடு பிரிந்தது. அந்த வார்த்தை வருவதற்கு முன் நான் விட்டுவிட்டேன். ஒரு கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. விழுகிறது என்று அவனுக்குத் தெரியவேண்டுமே என்பதற்காக "ஐயோ" என்றும் சொன்னேன். ஒத்திகை பார்த்ததுபோல் சரியாக வந்தது.

அவன் பாய்ந்தான்.

தள்ளவில்லை, ஐயா. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் விரல்கூட அவன்மேல் படவில்லை. ஒரு பயம் காட்ட நினைத்தேன். கைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தான் என்று அவனுக்குப் புரியட்டும் என்று நினைத்தேன். முதல் வாரம் முழுக்க எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் பயம் காட்ட நினைப்பவன் தரைமேல் போடுவான். மூலையில், வெட்டவெளிப் பக்கமாக, கயிற்றைச் சுருட்டி வைத்த பிறகு போட மாட்டான். எழுதிப் பார்க்கும்போது இது தெளிவாகத் தெரிகிறது. பேசியிருந்தால் தெரிந்திருக்காது.

அவன் விழுந்த பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றினேன். லென்ஸ் இல்லாத வாயைத் திறந்து வைத்தால் சிமென்ட் தூசி போய்விடும். அதற்கு மூடி போட்டேன். ஐந்து லென்ஸையும் அதனதன் அறையில் வைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாலு மாடியும் படியிறங்கி வந்தேன். ஓடவில்லை. பையோடு ஓடக்கூடாது, உள்ளே ஒன்றோடொன்று இடிக்கும். வாசலில் காவலுக்கு இருந்த பெரியவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்ததைவிடப் பையை அதிகம் பார்த்தார்.

"ஏங்க, இதைத் தூக்கிட்டா இறங்கி வந்தீங்க?" என்றார்.

கடைசிப் படத்தில் பதிவான நேரத்துக்கும் அவர் போன் செய்த நேரத்துக்கும் நடுவே பதினொரு நிமிடம் இருக்கிறது. நீங்கள் அதையும் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கஷ்டம் தொடங்கியது. என் வலது கை எதையும் விடமாட்டேன் என்கிறது. கடைக்காரரிடம் சில்லறையை நீட்டினால், அவர் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாதபோதும் அந்தப் பழைய எண்பத்தைந்தின் கனம் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருக்கிறது. சோறு பிசையும்போதும் இருக்கிறது. ஒரு நாள் பட்டப்பகலில், தெருவில் ஒரு தாய் எனக்கு முன்னால் நடந்துபோனாள். திரும்பிப் பார்க்காமலே, பின்னால் வந்த குழந்தைக்காகக் கையை நீட்டினாள். விரல்கள் விரிந்து காத்திருந்தன. பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்தேன். குழந்தை ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் என்னால் எழுந்திருக்க முடிந்தது.

தம்பி மகளுக்குப் பத்து வயது. அழுது அழுது தொண்டை கட்டிப்போய், போன வெள்ளிக்கிழமை என்னிடம் தண்ணீர் கேட்டாள். டம்ளரை நீட்டினேன். "வந்துடுச்சு, பெரியப்பா" என்றாள். அவன் சொல்கிற அதே இழுப்பு. நான் விடவில்லை. அவள் இன்னொரு தடவை சொன்னாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரித்தாள். அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்க கொஞ்ச நேரம் படுங்க. அவர் உங்களை இப்படிப் பார்த்தா தாங்கவே மாட்டார்" என்றாள். மறுநாள்தான், பழைய லென்ஸைப் பற்றி யாராவது கேட்டால் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். நானாக வந்து சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

நேற்று இன்னொன்றும் கேட்டீர்கள். என் சட்டைப் பொத்தான் ஒன்று அவனுடைய மூடிய கைக்குள் எப்படி வந்தது என்று. லென்ஸைப் பிடிக்கப் போன கை என் சட்டையில் மாட்டியிருக்கும் என்றேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். அந்தப் பதிலை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். லென்ஸ் கீழே போனது. அவன் கை மேலே வந்தது. ஓரத்தில் நின்றுகொண்டு நான் ஐயோ என்றதைக் கேட்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வெளிச்சத்தை விட்டுவிட்டு அவன் திரும்பினான். அவன் பார்த்தது என் முகத்தை. பிடித்தது என் சட்டையை. நான் குழாயை இறுக்கிப் பிடித்திருந்தேன், பொத்தான்தான் போனது.

விழுந்ததுமே உயிர் போய்விட்டது, சத்தம் எதுவும் கேட்கவில்லை, கீழே கான்கிரீட் கலக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது என்று முதலில் வாக்குமூலம் கொடுத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓர் இயந்திரமும் ஓடவில்லை. கீழேயிருந்து அவன் கூப்பிட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. லென்ஸ் உடைந்துவிட்டதா என்றுதான் கேட்கிறான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவன் கேட்டது அதில்லை.

"அண்ணா, நீ விழலையே? மேலதானே இருக்க?"

மூன்று தடவை கேட்டான். ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகிக்கொண்டு வந்தது. இருக்கேன்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நிம்மதியாகப் போயிருப்பான். நான் ஐம்பதின் பின்மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.